பட்டப்படிப்பு மாணவர்களுக்குத் தனிப் பயிற்சி: பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில், மாலை நேரங்களில் பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்து வருகிறேன். அதற்கு முன் பல ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியலும் ஆய்வு முறையியலும் சொல்லிக்கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன். நீளமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியதை மட்டும் படித்தாலும் போதும்.

பல்கலைக்கழகம் போன பிறகும் டியூஷனா? மட்டமாக நினைக்க மாட்டார்களா?

இதைத்தான் முதலில் வைக்க வேண்டும். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் இதை நினைத்தே மூன்று மாதம் தள்ளிப்போட்டவர்கள்.

ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு வரைக்கும் டியூஷன் போவதை நாம் யாரும் வெட்கமாக நினைப்பதில்லை. 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் என்ற டியூஷன் நிலையத்தின் வகுப்புகளில் உட்கார்ந்து படித்தவர்களின் பிள்ளைகளே இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். ஆனால் இடம் கிடைத்து, பெட்டி கட்டி, விடுதியில் விட்டுவிட்டு வந்த அன்றோடு "இனி அவனே பார்த்துக்கொள்வான்" என்று எல்லாரும் ஒதுங்கிவிடுகிறோம். சிரமம் தொடங்குவதே அங்கேதான். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் ஆசிரியருக்கு உங்கள் பெயர் தெரியும், இரண்டு நாள் வராவிட்டால் விசாரிப்பார். இருநூறு பேர் உட்காரும் விரிவுரை மண்டபத்தில் நீங்கள் வரவில்லை என்பதே யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு, கிரெடிட் என்றால் என்ன, எடுத்த பாடத்தை எந்த வாரம் வரை விடலாம், விரிவுரையாளரின் அறைக்கதவைத் தட்டலாமா கூடாதா என்று சொல்ல ஆள் இல்லை. அக்கா அண்ணன் ஏற்கெனவே படித்த வீடுகளில் இதெல்லாம் சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்துவிடுகிறது. மற்றப் பிள்ளைகள் அடிபட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அதற்கும் மூளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தனியாக உட்கார்ந்து படித்தால் உண்மையிலேயே பலன் இருக்கிறதா?

இருக்கிறது. எவ்வளவு என்பதில்தான் கவனமாகப் பேச வேண்டும். பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1984-இல் எழுதிய கட்டுரை ஒன்று இத்துறையில் பேர்போனது. தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரைவிட நன்றாகச் செய்தார் என்று அதில் சொன்னார். அந்த அளவு பலன் பிறகு வந்த ஆய்வுகளில் கிடைக்கவில்லை. 2011-இல் கர்ட் வான்லேன் என்பவர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது புளூம் சொன்னதில் பாதிக்கும் குறைவாகவே வந்தது. அதுவும் சின்னப் பலன் இல்லை. நூறு பேரில் ஐம்பதாவதாக நிற்கும் பிள்ளை ஏறக்குறைய இருபத்திரண்டாவது இடத்துக்கு நகர்வது போன்றது. எனக்கு அந்தக் கணக்கே நம்பத்தகுந்ததாகப் படுகிறது.

பக்கத்தில் உட்காருவதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கையால் போட்டுப் பார்க்க வேண்டும். எந்த வரியில் தவறுகிறது என்பது அப்போது அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

எங்கள் பல்கலைக்கழகத்திலேயே உதவி கிடைக்காதா?

கிடைக்கும். அங்கே முதலில் போங்கள், பிறகு என்னிடம் வாருங்கள். காசு கொடுக்காமல் கிடைப்பதை விட்டுவிட்டு என்னிடம் காசு கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

உங்களுக்கென்று ஒரு பெனாசிஹாட் அகாடெமிக், அதாவது கல்வி ஆலோசகர், நியமிக்கப்பட்டிருப்பார். பாடப்பதிவுக்கு ஒப்புதல் கொடுப்பவர் என்ற அளவில்தான் பலருக்கு அவரைத் தெரியும். பாடத்தை விடுவதா, செமஸ்டரைத் தள்ளிவைப்பதா, வேறு பாடத்துறைக்கு மாறுவதா என்று முடிவெடுப்பதற்கு முன் பேச வேண்டிய ஆள் அவர். விரிவுரையாளர்கள் வாரத்தில் சில மணி நேரம் ஆலோசனை நேரம் என்று ஒதுக்கியிருப்பார்கள். நான் கல்லூரியில் இருந்த காலத்தில் அந்த நேரத்தில் பெரும்பாலும் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பேன். யாராவது வரமாட்டார்களா என்று இருக்கும். நூலகத்தில் கட்டுரைகளைத் தேடவும், மெண்டலே, சொட்டேரோ போன்ற மென்பொருளால் மேற்கோள் விவரங்களைச் சேர்த்து வைக்கவும் கற்றுக்கொடுக்கும் பயிலரங்குகளுக்கும் இதே நிலைமைதான்.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாததால்தான் பலர் போவதில்லை. "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று எழுதினால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. பாடக் குறியீடு, உங்கள் குழு, எந்த வாரத்துத் தலைப்பு, எதுவரை நீங்களே செய்து பார்த்தீர்கள், எந்த இடத்தில் நின்றுவிட்டது, இவ்வளவும் இருந்தால் போதும். மலாயிலோ ஆங்கிலத்திலோ இந்தப் பொருளில் நான்கு வரி எழுதுங்கள்: "டாக்டர், ஏழாம் வாரப் பயிற்சியின் மூன்றாம் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். இரண்டாம் படிக்குப் பிறகு விடை மாறிவிடுகிறது. புதன்கிழமை ஆலோசனை நேரத்தில் பத்து நிமிடம் வந்து காட்டலாமா?" இப்படி எழுதிய மாணவரை நான் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை.

எந்த வாரத்தில் வரவேண்டும்?

செமஸ்டருக்குப் பொதுவாக 14 வாரம் பாடம். மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரத்துக்குள் வந்தால் நிறையச் செய்யலாம். ஏழு, எட்டில் வந்தால் முக்கியமானதைப் பிடித்துவிடலாம். பதின்மூன்றாம் வாரம் வந்து "டீச்சர், அடுத்த திங்கட்கிழமை தேர்வு" என்றால் திருப்பி அனுப்பமாட்டேன். ஆனால் அப்போது நாம் செய்வது ஓட்டையை அடைக்கும் வேலைதான்.

என் கதையைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில் ஒரு கணிதப் பாடத்தில் தோற்றேன். புரியவில்லை என்று ஐந்தாம் வாரமே தெரியும். விரிவுரையாளரின் அறை வாசல் வரை மூன்று முறை போய், கதவைத் தட்டாமலே திரும்பினேன். "இதுகூடத் தெரியாமலா இங்கே வந்தாய்?" என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். அடுத்த ஆண்டு அதே பாடத்தை மறுபடி எடுத்தபோது வேறு வழியில்லாமல் உள்ளே போனேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்து, படம் போட்டு, இருபது நிமிடத்தில் விளக்கிவிட்டார். அந்த இருபது நிமிடத்துக்காக எனக்கு ஒரு வருடம் போனது. அப்பா கட்டிய கட்டணமும் போனது.

ஒரு வகுப்பு எப்படி நடக்கும்?

ஒன்றரை மணி நேரம். முதல் பத்து நிமிடம் போன வாரம் பார்த்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுத வேண்டும். பலருக்கு இது பிடிப்பதில்லை. படித்ததையே திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும், வெற்றுத்தாளைப் பார்த்ததும் அது கலைந்துவிடும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தங்களையே சோதித்துப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் வரப்போவதில்லையே.

அப்புறம் புரியாத இடத்துக்குப் போவோம். ஒரு தங்கச்சி, கணக்கியல் மாணவி, திட்ட விலக்கத்தின் சூத்திரத்தை அட்சரம் பிசகாமல் எழுதினாள். "இது எதை அளக்கிறது?" என்று கேட்டேன். மௌனம். வீட்டிலிருந்து வர பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பாய் என்று பேச்சை மாற்றினேன். ஒரு பஸ்ஸுக்கு மூன்று நாளில் 5, 6, 7 நிமிடம் காத்திருக்கிறாய். இன்னொரு பஸ்ஸுக்கு 1, 1, 16 நிமிடம். இரண்டுக்கும் சராசரி 6 நிமிடம்தான். தேர்வு நாளில் எந்தப் பஸ்ஸை நம்பிக் கிளம்புவாய்? உடனே முதல் பஸ் என்றாள். ஏன்? "அது எப்போதும் கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு வரும் டீச்சர். இன்னொன்றை நம்ப முடியாது." நம்ப முடியாது என்றாயே, அதைத்தான் திட்ட விலக்கம் எண்ணாகச் சொல்கிறது என்றேன். பிறகு அவளே போட்டாள். முதல் பஸ்ஸுக்கு 1 வந்தது, இரண்டாவதற்கு 8.66. அதற்குமேல் அந்தப் பாடத்தில் அவளுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சமே இருந்தது.

கடைசிப் பத்து நிமிடம் அவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் மாணவி மாதிரி குறுக்குக் கேள்வி கேட்பேன்.

அசைன்மென்ட்டை எழுதிக் கொடுப்பீர்களா?

மாட்டேன். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டேன். எழுதித் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களை நம்பி யாரும் போகவேண்டாம். பிடிபட்டால் அந்தப் பாடம் மட்டும் போகாது, ஒழுங்கு நடவடிக்கை வரை போகும். பிடிபடாவிட்டாலும் மூன்றாம் ஆண்டு ஆய்வேட்டை எழுத உட்காரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

நான் செய்வது வேறு. கேள்வியைச் சேர்ந்து படிப்போம். என்ன வாதம் வைக்கப்போகிறீர்கள் என்று வாயால் சொல்லச் சொல்வேன், நீங்கள் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்துக் கையில் கொடுப்பேன். நீங்கள் எழுதி வந்த பிறகு எந்தப் பத்தி ஏன் நிற்கவில்லை என்று ஓரத்தில் கேள்வியாக எழுதுவேன். திருத்துவது உங்கள் வேலை.

டர்னிட்டினில் 28 விழுக்காடு வந்துவிட்டது. தோற்றுவிடுவேனா?

பதறாதீர்கள். டர்னிட்டின் என்பது எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள். உங்கள் எழுத்தில் எவ்வளவு பகுதி வேறு எங்கோ இருக்கும் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்பதை மட்டும் அது காட்டுகிறது. நூற்பட்டியல், அட்டைப்பக்கம், கேள்வித்தாளிலிருந்து எடுத்த வரி எல்லாமே அதில் சேர்ந்திருக்கலாம். அறிக்கையைத் திறந்து வண்ணம் தீட்டிய இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு முழுப் பத்தி ஒரே மூலத்தோடு ஒத்துப்போனால் அது திருத்த வேண்டிய இடம். சொற்களை மட்டும் மாற்றி வைப்பதும் திருட்டுதான். மூலத்தை மூடி வைத்துவிட்டு, புரிந்ததை உங்கள் வாக்கியத்தில் எழுதி, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். எத்தனை விழுக்காடு வரை ஏற்பார்கள் என்பது துறைக்குத் துறை மாறும், உங்கள் விரிவுரையாளரிடமே கேளுங்கள்.

சாட்ஜிபிடி இருக்கும்போது ஆசிரியர் எதற்கு?

அதைப் பயன்படுத்தும் பிள்ளைகளை நான் திட்டுவதில்லை. புரியாத பத்தியை எளிமையாகச் சொல்லச் சொல்லலாம், பயிற்சிக் கேள்விகள் கேட்கச் சொல்லலாம். ஆனால் இல்லாத கட்டுரையை, ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு இருப்பதுபோல் அது எழுதித் தரும். ஒரு தம்பி அப்படி வந்த மூன்று மேற்கோள்களைத் தேடி நூலகத்தில் ஒரு மதியம் முழுக்க வீணாக்கினான். மூன்றுமே கிடையாது. எதுவரை பயன்படுத்தலாம் என்று உங்கள் பாடத்திட்டத்தில் எழுதியிருப்பார்கள், அதன்படி செய்யுங்கள்.

தமிழ்ப்பள்ளியில் படித்தேன், பிறகு மலாய், இப்போது எல்லாம் ஆங்கிலம். தமிழில் விளக்குவீர்களா?

தாராளமாக. தமிழில் விளங்கிக்கொள்ளுங்கள், தேர்வு எந்த மொழியிலோ அந்த மொழியில் எழுதிப் பழகுங்கள். நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் தமிழில் விளக்கம், வலப்பக்கம் தேர்வு மொழியில் அதே விஷயம் என்று எழுதச் சொல்வேன். முதல் மாதம் வலப்பக்கம் பாதி காலியாக இருக்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

மொழிச் சிக்கல் என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல் மலாய்க் கேள்வியில் இருக்கும் ஒரே ஒரு வினைச்சொல்தான். 'ஹுராய்கான்' என்றால் விவரித்துச் சொல்ல வேண்டும். 'பண்டிங்கான்' என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒற்றுமை வேற்றுமை காட்ட வேண்டும். 'பிஞ்சாங்கான்' என்று கேட்டால் பல கோணத்தில் வாதிட்டுக் கடைசியில் உங்கள் நிலையைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் தெரிந்ததைக் கொட்டி நான்கு பக்கம் எழுதிவிட்டு "இவ்வளவு எழுதியும் சி கொடுத்துவிட்டார்" என்று வருந்துகிறார்கள். எழுதியதில் பிழை இருக்காது. கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று.

என் சிஜிபிஏ 1.90. இனி மீள முடியுமா?

சிஜிபிஏ என்பது இதுவரை எடுத்த எல்லாப் பாடங்களின் சராசரிப் புள்ளி, ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் கிரெடிட் அளவுக்கு எடை உண்டு. காகிதத்தை எடுங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதுவரை 45 கிரெடிட் முடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 45-ஐ 1.90-ஆல் பெருக்கினால் 85.5 புள்ளி. அடுத்த செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்தால் மொத்தம் 60. சிஜிபிஏ 2.00 வர 120 புள்ளி வேண்டும். மீதம் 34.5-ஐ 15 கிரெடிட்டில் எடுக்க வேண்டும், அதாவது அந்தச் செமஸ்டரில் 2.30. ஒழுங்காகப் படித்தால் எட்டக்கூடிய எண்தான் அது.

ஒரே செமஸ்டரில் 2.50-க்குத் தாவ நினைத்தால் 4.30 வேண்டும். உச்சமே 4.00 என்பதால் நடக்காது. அதையே இரண்டு செமஸ்டரில், 30 கிரெடிட்டில் செய்ய 3.40 வேண்டும். கடினம், ஆனால் நடக்கும். இந்தக் கணக்கைப் போடாமல் "எல்லாம் போச்சு" என்று அழுதுகொண்டு வந்த பிள்ளைகள், போட்டு முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டவணையைக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

2.00 என்ற கோட்டை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அதற்குக் கீழே போனால் புரோபேஷன் என்ற எச்சரிக்கை நிலை, அதுவே தொடர்ந்தால் படிப்பிலிருந்து நீக்கம். அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். தொகையும் நிறுத்தி வைக்கப்படலாம். இன்னொரு பக்கம், முதல் வகுப்பில் தேறியவர்கள் நிபந்தனைக்கு உட்பட்டு அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

வாரத்துக்கு 25 மணி நேரம் பகுதிநேர வேலை செய்கிறேன். இரண்டையும் சமாளிக்க முடியாதா?

மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்.கியூ.ஏ. கணக்குப்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். விரிவுரை, வாசிப்பு, அசைன்மென்ட், தேர்வு எல்லாம் அதில் அடக்கம். 15 கிரெடிட் என்றால் 600 மணி நேரம். 14 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 43 மணி நேரம். மறுபார்வை வாரத்தையும் தேர்வு வாரங்களையும் சேர்த்தால் கொஞ்சம் குறையும். இதோடு உங்கள் 25-ஐக் கூட்டுங்கள்.

வேலையை விடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வீட்டு நிலைமை அப்படி இருக்கலாம். ஆனால் இரவு பன்னிரண்டு மணி வரை மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் காலை எட்டு மணி விரிவுரையில் தூங்கும் பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் உதவாது. கிரெடிட்டைக் குறைத்து எடுக்கலாமா, உதவித்தொகை ஏதும் உண்டா, வேலையை வார இறுதிக்கு மாற்ற முடியுமா என்று ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுங்கள். கேட்டால் நானும் கூட உட்கார்ந்து அட்டவணை போட்டுத் தருகிறேன். அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

(பெற்றோர் கேட்பது) மகனின் மார்க்கை எங்களுக்குச் சொல்வீர்களா டீச்சர்?

சொல்லமாட்டேன், மன்னியுங்கள். பதினெட்டு வயது தாண்டியவர்கள். அவர்கள் சம்மதித்தால் மூவரும் சேர்ந்து பேசலாம். நீங்கள் உளவு கேட்பதாக ஒருமுறை தோன்றிவிட்டால் அதன்பிறகு என்னிடமும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். வீட்டில் மார்க்கைக் கேட்பதற்குப் பதிலாக "இந்த வாரம் எந்தப் பாடம்பா கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.

படிப்பைவிட மனசுதான் சரியில்லை. அதற்கும் வரலாமா?

வரலாம், கேட்பேன். ஆனால் நான் மனநல ஆலோசகர் இல்லை. தூக்கம் போய், சாப்பாடு போய், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவுக்குப் போங்கள். வேண்டுமானால் முதல் நாள் வாசல் வரை நான் கூட வருகிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் அந்த நிமிடமே பெஃப்ரெண்டர்ஸ் என்ற உதவி அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். செமஸ்டரைத் தள்ளிவைக்க வழி இருக்கிறது, அது தோல்விக் கணக்கில் சேராது.

கட்டணம், இடம்?

தனியாக வந்தால் ஒரு வகுப்புக்கு 60 ரிங்கிட். ஒரே பாடத்துக்கு மூன்று பேர் சேர்ந்து வந்தால் ஆளுக்கு 25. முடியாதவர்கள் சொல்லுங்கள், பேசிக்கொள்வோம். மலாயாப் பல்கலைக்கழகப் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு, யூனிவர்சிட்டி எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரல் நான்காவது நிறுத்தம். அங்கிருந்து நடந்தே வந்துவிடலாம். பினாங்கு மிண்டென், சிந்தோக், தஞ்சோங் மாலிம் என்று தூரத்துப் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்களுக்கு இணையம் வழி வகுப்பு. கேமரா உங்கள் முகத்தைக் காட்டாவிட்டாலும் சரி, நீங்கள் எழுதும் தாளைக் காட்ட வேண்டும்.

முதல் நாள் என்ன கொண்டு வரவேண்டும்?

பாடத்திட்டம், இதுவரை கொடுத்த அசைன்மென்ட், திருப்பிக் கொடுத்த குவிஸ் தாள்கள். குறைந்த மார்க் வாங்கிய தாளைத்தான் முதலில் எடுங்கள், மடித்துப் பைக்குள் ஒளித்து வைத்திருப்பதை. பாடத்தை அங்கிருந்தே தொடங்குவேன்.